ஏழு பேர், மூன்று குரல், ஒரு டிரம்

முதல் பாட்டில் மைக்கேல் கிஸ்கேயின் குரல் உச்சத்துக்கு ஏறிய இடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். 2021 ஜூன் 18, வெள்ளிக்கிழமை இரவு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நாற்காலி போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரடங்கு. தெருவில் ஒரு வண்டிச் சத்தம் கிடையாது. ஐம்பத்து மூன்று வயதாகும் அந்த மனிதர், பத்தொன்பது வயதில் எந்தப் படியில் நின்று பாடினாரோ அதே படியில் ஏறி நின்று, இறங்க மனமில்லாமல் அங்கேயே நிற்கிறார்.

கொஞ்ச நேரத்தில் மேலே வந்த மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னங்க, அழுறீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். “அந்த ஜெர்மன்காரங்க பாட்டு வந்துடுச்சா?” என்று கேட்டுவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஹெலோவீன், ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில் 1984-இல் தொடங்கிய மெட்டல் பேண்ட். அக்டோபர் கடைசி நாளில் மேலை நாடுகளில் பேய்வேடம் கட்டிக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகையின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, நரகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை உள்ளே ஒளித்துவைத்தார்கள். அந்தப் பண்டிகையன்று கண்ணும் வாயும் குடைந்து விளக்கேற்றி வைக்கும் பூசணிக்காய்தான் இவர்களுடைய சின்னம். நம் ஊரில் புது வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டும் பூசணியும் முகம் போட்டதுதான்; அது முறைக்கும், இது சிரிக்கும்.

பவர் மெட்டல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டிரம்ஸ் வாசிப்பவர் இரண்டு காலாலும் இரண்டு பெடலை மிதித்து, அடித்தாளத்தைக் குதிரைப் பாய்ச்சலில் ஓட்டுவார். அதன்மேல் இரண்டு கிட்டார்கள் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும். நம் இரட்டை நாகஸ்வரத்தில் இருவரும் ஒரே சுரத்தில் ஒட்டி நிற்பார்கள். இங்கே ஒன்று சட்ஜத்தில் நின்றால் மற்றது காந்தாரத்தில் நிற்கும். அந்த இடைவெளியை விடாமல் பிடித்துக்கொண்டு இரண்டும் சேர்ந்து பறக்கும். எல்லாவற்றுக்கும் மேலே தாரஸ்தாயியில் ஓர் ஆண் குரல். பல்லவி வந்தால் மைதானமே வாய்விட்டுப் பாடும்படி அகலமான மெட்டு. இருட்டையும் ஆத்திரத்தையும் தேடிப் போகிற மெட்டல் வகைகள் நிறைய உண்டு. இது வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிற வகை.

இந்த வகைக்கு இலக்கணம் எழுதியவை, ஹெலோவீன் 1987-இலும் 1988-இலும் வெளியிட்ட ‘கீப்பர் ஆஃப் த செவன் கீஸ்’ ஆல்பத்தின் இரண்டு பாகங்கள். பின்லாந்தின் ஸ்ட்ராட்டோவேரியஸ், சுவீடனின் ஹாமர்ஃபால், பிரேசிலின் ஆங்ரா என்று பிற்பாடு வந்தவர்கள் எல்லாரும் அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள்தான்.

எனக்கு அவை இரண்டும் ஒரே கேசட்டில் வந்து சேர்ந்தன. பொறியியல் கல்லூரி விடுதியில் எங்களுக்கு மூன்றாண்டு மூத்த அண்ணா ஒருவர் இருந்தார், பெங்களூர்க்காரர். லீவுக்கு ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு ஷூ டப்பா நிறையப் பதிவு செய்த கேசட்டுகளோடு வருவார். 1997-இல் ஒருநாள் எதுவும் சொல்லாமல் ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட்டை என் கையில் திணித்தார். முன்பக்கம் முதல் பாகம், பின்பக்கம் இரண்டாம் பாகம். உறையில் நீல மையில் பாடல் பெயர்கள், அவர் கையெழுத்தில்.

ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம்தான். முதல் பாகம் அடங்கிவிட்டது. இரண்டாம் பாகம் அதைவிட நீளம். அதன் கடைசிப் பாட்டு மட்டுமே பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டும் அதுதான். அது தொடங்கி நாலு நிமிடம் ஆனதும் டேப் தீர்ந்து, ‘டக்’கென்று பட்டன் மேலே எழும்பிவிடும். பாட்டு விரிந்து எழும்புகிற நேரம் பார்த்து அறை மௌனமாகிவிடும். மிச்சம் எப்படிப் போகும் என்று நாங்களே மனசுக்குள் இட்டுக்கட்டிக்கொண்டு, விடுதி மாடியில் படுத்திருப்போம். முழுப் பாட்டையும் நான் கேட்டது 2004-இல், முதல் சம்பளங்களைச் சேர்த்து சிடி வாங்கிய பிறகு. அந்த ஏழு வருடக் காத்திருப்பை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

கீப்பர் இரண்டிலும் பாடிய கிஸ்கேயின் குரலைப் பற்றி இரண்டு வார்த்தை. மைக் இல்லாத காலத்து நாடகக் கொட்டகையில் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் கடைசி வரிசைக்கு வெளியே நிற்பவன் காதுக்கும் போய்ச் சேர்ந்ததாக என் தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். கிஸ்கேயைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் அந்தப் பேச்சு ஞாபகம் வரும். தொண்டையைக் கிழிக்கும் கத்தல் அவரிடம் இல்லவே இல்லை. மூச்சு நிறைந்த, எண்ணெய் விட்டாற்போல வழுக்கிக்கொண்டு ஏறும் குரல். பேண்டில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. அதற்கு முன்பு, 1985-இல் வந்த ‘வால்ஸ் ஆஃப் ஜெரிகோ’ ஆல்பத்தில் கிட்டாரையும் வாசித்துக்கொண்டு பாடியவர் காய் ஹான்சன். இரண்டையும் சேர்த்துச் சுமப்பது சிரமமாக இருந்ததால்தான் தனிப் பாடகரைத் தேடினார்கள்.

பிறகு வீடு உடைந்தது. இரண்டாம் கீப்பர் வந்த சூட்டோடு ஹான்சன் வெளியேறி, காமா ரே என்ற சொந்த பேண்டைத் தொடங்கினார். 1993-இல் வந்த ‘கமீலியன்’ ஆல்பம் ரசிகர்களைக் குழப்பியது. அதே ஆண்டில் கிஸ்கே வெளியேற்றப்பட்டார். கிட்டார் மைக்கேல் வைக்காத்துக்கும் அவருக்கும் பேச்சே நின்றுபோனது. 1994-இல் பிங்க் க்ரீம் 69 என்ற பேண்டிலிருந்து ஆண்டி டெரிஸ் வந்து பாடகர் பொறுப்பை ஏற்றார். வைக்காத்தும் பேஸ் கிட்டார் மார்க்கஸ் குரோஸ்கோப்பும் மட்டும் ஆரம்ப நாளிலிருந்து அசையாமல் நின்ற தூண்கள்.

உடைந்த வருடங்களில் நடந்த ஒரு சாவைச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச முடியாது. இங்கோ ஷ்விக்டன்பெர்க். கீப்பர் ஆல்பங்களின் டிரம்ஸ் அவர் வாசித்தது. எப்போதும் சிரித்த முகம் என்பதால் ‘மிஸ்டர் ஸ்மைல்’ என்று கூப்பிடுவார்கள். மனநோய் அவரைப் பிடித்தது. 1993-இல் பேண்டை விட்டுப் போக நேர்ந்தது. 1995 மார்ச் 8 அன்று தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது இருபத்தொன்பது.

அவர் போனபோது நண்பர்கள் ஆளுக்கொரு திசையில் இருந்தார்கள். ஹான்சன் காமா ரேயின் ‘லேண்ட் ஆஃப் த ஃப்ரீ’ ஆல்பத்தில் ஒரு பாட்டை அவருக்குக் கொடுத்தார். கிஸ்கே தன் முதல் தனி ஆல்பமான ‘இன்ஸ்டன்ட் கிளாரிட்டி’யில் ஒரு பாட்டைக் கொடுத்தார். ஹெலோவீன் 1996-இல் வெளியிட்ட ‘த டைம் ஆஃப் த ஓத்’ ஆல்பத்தையே அவருக்குக் காணிக்கை ஆக்கியது. ஒரே சாவுக்கு மூன்று வீட்டில் தனித்தனியாக விளக்கேற்றினார்கள். பங்காளிச் சண்டையில் துக்கத்துக்குக் கூட ஒன்றாக உட்கார முடியாமல் போன குடும்பங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த வலியோடுதான் நான் இந்த மூன்றையும் கேட்டுவந்தேன்.

கிஸ்கே மெட்டல் உலகத்தையே விட்டு விலகிப்போனார். டோபியாஸ் சாமெட் நடத்தும் அவன்டேசியா, பிறகு ஹான்சனும் வந்து சேர்ந்த யுனிசோனிக் என்று மெல்ல மெல்லத் திரும்பி வந்தார். ஒரு விழாவில் மேடைக்குப் பின்னால் வைக்காத்தே முதலில் வந்து பேசியதாகவும், அப்போதுதான் தன் மனசில் கோபம் மிச்சமில்லை என்பது தனக்கே தெரிந்ததாகவும் கிஸ்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2016 கடைசியில் அறிவிப்பு வந்தது: கிஸ்கேயும் ஹான்சனும் திரும்புகிறார்கள், யாரும் வெளியே போகவில்லை.

இந்த இரண்டாவது பாதியில்தான் என் உயிர் இருக்கிறது. பழைய பாடகர் திரும்பினால் இருக்கிற பாடகர் பெட்டியைக் கட்ட வேண்டும் என்பது ராக் உலகத்தில் எழுதாத சட்டம். எத்தனை பேண்டுகளில் பார்த்துவிட்டோம்! இங்கே டெரிஸ் இருந்தார். அவர் காலத்தில் வந்த கிட்டார் சாஷா கெர்ஸ்ட்னர் இருந்தார், டிரம்ஸ் டானி லோப்ளே இருந்தார். ஐந்து பேர் ஏழு பேர் ஆனார்கள். மூன்று கிட்டார், மூன்று குரல். 2017 அக்டோபரில் மெக்சிகோவில் தொடங்கிய ‘பம்ப்கின்ஸ் யுனைடெட்’ பயணம் உலகத்தைச் சுற்றியது. அதன் மேடைப் பதிவில் ஓர் இடம்: லோப்ளே தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார், பின்னால் திரையில் இங்கோ வாசிக்கும் பழைய படம் ஓடுகிறது, இருவரும் மாறி மாறி ஒருவருக்கொருவர் பதில் சொல்கிறார்கள். அதை நான் பார்த்த தடவைகளுக்குக் கணக்கில்லை.

ஆனாலும் மேடை வேறு, ஆல்பம் வேறு. பழைய பாட்டைச் சேர்ந்து பாடுவது திருவிழா. புதுப் பாட்டைச் சேர்ந்து எழுதுவது குடித்தனம். 2015-இல் ‘மை காட்-கிவன் ரைட்’ வந்ததோடு ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் வந்திருக்கவில்லை. ஆறு வருட இடைவெளி. இந்த பேண்டின் வரலாற்றில் அவ்வளவு நீண்ட மௌனம் இருந்ததில்லை. கிஸ்கேக்கு ஹெலோவீன் ஆல்பத்தில் பாடி இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. ஹான்சனுக்கு முப்பத்து மூன்று.

2021-இல் வந்த இந்த ஆல்பத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. பேண்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: ‘ஹெலோவீன்’. பன்னிரண்டு பாட்டு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. உறையை எலிரான் கான்டோர் வரைந்திருக்கிறார். பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டத் தகுந்த ஓவியம்.

பதிவு எப்படி நடந்தது என்று படித்தபோதே எனக்குப் புல்லரித்துவிட்டது. ‘மாஸ்டர் ஆஃப் த ரிங்ஸ்’, ‘த டைம் ஆஃப் த ஓத்’, ‘பெட்டர் தன் ரா’ ஆல்பங்களைப் பதிவுசெய்த அதே பழைய கன்சோலைத் தேடிப் பிடித்து, அனலாக் முறையில் பதிந்திருக்கிறார்கள். ஒரு பங்கு வேலை ஹாம்பர்க்கில், இன்னொரு பங்கு டெரிஸ் வசிக்கும் தெனெரிஃபே தீவில் அவருடைய ஸ்டூடியோவில். தயாரிப்பு சார்லி பாவர்ஃபைன்ட், கூடவே டென்னிஸ் வார்ட். இந்த வார்ட் யாரென்றால், பிங்க் க்ரீம் 69-இல் டெரிஸின் பக்கத்தில் நின்று பேஸ் வாசித்தவர். யுனிசோனிக்கில் கிஸ்கேக்கும் ஹான்சனுக்கும் பக்கத்தில் நின்று பேஸ் வாசித்தவர். இரண்டு வீட்டிலும் கை நனைத்த மனிதர். சம்பந்தம் பேச இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

எல்லாவற்றுக்கும் மேல், லோப்ளே இந்த ஆல்பத்தில் வாசித்திருப்பது இங்கோவின் டிரம்ஸ். இங்கோவைப் போல வாசித்திருக்கிறார் என்று சொல்லவில்லை. இங்கோவே உட்கார்ந்து வாசித்த அந்த டிரம்ஸைக் கொண்டுவந்து வாசித்திருக்கிறார். மரமும் தோலும் இரும்பும் ஆன ஒரு பொருள், 1995-இல் தன் ஆளைப் பறிகொடுத்த பொருள், மறுபடி அதே நண்பர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தனித்தனியாக விளக்கேற்றிய மூன்று வீட்டாரும் இந்தத் தடவை ஒரே டிரம்மைச் சுற்றி நின்று பாடியிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு ஆல்பத்தில் ஒரு அடியைக்கூட என்னால் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியவில்லை.

பாட்டுக்கு வருகிறேன். ‘அவுட் ஃபார் த க்ளோரி’ வைக்காத் எழுதியது, ஏழு நிமிடத்துக்கு மேல். நான் எழுந்து நின்ற பாட்டு. தொடக்கத்தில் மேகம் திரள்வது போலக் கொஞ்ச நேரம். பிறகு மடை திறந்துவிடுகிறார்கள். கிஸ்கே பல்லவியில் ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு படி மேலே போவது போல ஒரு மயக்கம் உண்டாகிறது. நடுவில் திடீரென்று ஹான்சனின் கரகரத்த, பல்லைக் கடித்த குரல் குறுக்கே வரும். 1985-ஐ 1988-உடன் ஒரே பாட்டில் முடிச்சுப் போட்ட மாதிரி. வைக்காத்தும் கிஸ்கேயும் பேசாமலிருந்த அத்தனை வருடத்தையும் நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். இந்தக் குரலுக்கு எந்த இடத்தில் சிறகு விரியும் என்பதை வைக்காத் மறக்கவே இல்லை.

‘ஃபியர் ஆஃப் த ஃபாலன்’ டெரிஸின் பாட்டு. மென்மையாக ஆரம்பித்து வேகமெடுக்கும். இதில் அவரும் கிஸ்கேயும் வரிகளைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், அந்தப் பங்கீடுதான் அழகு. டெரிஸின் குரல் மண் கலந்த குரல், உப்புக்காகிதம் போலச் சொரசொரப்பு, கிஸ்கேயுடையது பட்டு. டெரிஸ் தரையில் நின்று ஒரு வரியை எறிகிறார், கிஸ்கே அதை மேலே பிடித்துக்கொண்டு போகிறார். யாருக்கு எந்த வரி என்று முடிவு செய்தவர், தன் பாட்டின் உச்சத்தைத் தானே வைத்துக்கொள்ளாமல் மற்றவருக்குக் கொடுத்த டெரிஸ். இருபத்தேழு வருடம் இந்த பேண்டைச் சுமந்த பாடகர் அவர். ‘கிஸ்கே எங்கே?’ என்ற கேள்வியை ஊர் ஊராகக் கேட்டுச் சலித்தவர். அப்படிப்பட்டவர் இப்படி எழுதிக் கொடுக்கிறார் என்றால் அந்த மனசை என்னவென்று சொல்வது! ஒரு காலத்தில் நானும் டெரிஸ் ஆல்பங்களைக் கொஞ்சம் தள்ளிவைத்தே கேட்டவன். ‘த டார்க் ரைட்’, ‘கேம்ப்ளிங் வித் த டெவில்’ இரண்டும் என்னைத் தடுத்து நிறுத்தித் திருத்தின. இன்று அவர் இல்லாத ஹெலோவீனை என்னால் நினைக்கவே முடியாது.

‘பெஸ்ட் டைம்’ குட்டிப் பாட்டு, மூன்றரை நிமிடம். கெர்ஸ்ட்னரும் டெரிஸும் எழுதியது. வானொலிக்கென்றே அளந்து வெட்டிய மாதிரி இருக்கும்; ஒருமுறை கேட்டால் மூன்று நாள் வாயை விட்டுப் போகாது. என் எட்டு வயது மகள் வார்த்தை புரியாமலே இதைப் பாடிக்கொண்டு திரிகிறாள். கெர்ஸ்ட்னரின் ‘ஏஞ்சல்ஸ்’ நேர் எதிர்: இருண்ட, கொஞ்சம் நாடகத்தன்மையுள்ள பாட்டு, முதல் தடவையில் பிடிபடாது. நாலாவது தடவை கேட்டபோது எனக்குத் திறந்தது. இப்போது இரவில் அதைத்தான் அதிகம் கேட்கிறேன்.

‘மாஸ் பொல்யூஷன்’ தலையாட்ட வைக்கும் நேரடியான ராக். ‘ரைஸ் விதவுட் செயின்ஸ்’ வேகத்தில் குறை சொல்ல முடியாது. ‘சயனைட்’ மட்டும் மற்றவற்றின் உயரத்துக்கு வரவில்லை. கெட்டுப்போகவில்லை, ஆனால் இந்த வரிசையில் நிற்கும்போது குள்ளமாகத் தெரிகிறது. குரோஸ்கோப் எழுதிய ‘இன்டெஸ்ட்ரக்டிபிள்’ பாட்டைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தேழு வருடமாக ஒருநாளும் வெளியேறாமல், எல்லாச் சண்டைக்கும் நடுவில் சிரித்துக்கொண்டே பேஸ் வாசித்தவர், தோளோடு தோள் நின்றால் அசைக்க முடியாது என்று ஒரு பாட்டு எழுதினால் அதற்கு வேறு கனம் வந்துவிடுகிறது. அதற்கு அடுத்தது ‘ரோபாட் கிங்’. மறுபடி வைக்காத், மறுபடி ஏழு நிமிடம், மறுபடி கிஸ்கே கூரையைத் தொடுகிறார். இதில் மூன்று கிட்டாரும் முறைவைத்துக் கேள்வி பதில் நடத்தும் இடத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் விட்டதைப் பிடிக்கும் சுகம் அதில் இருக்கிறது.

பதினோராவது பாட்டுக்கு முன்னால் போன் அடித்தது. விடுதி அண்ணாதான். இப்போது பெங்களூரில் இருக்கிறார், தலை முழுக்க நரை.

“டேய், எது வரைக்கும் வந்திருக்க?”

“பத்து முடிஞ்சதுண்ணா. வரிசையாத்தான் கேட்கிறேன்.”

“கடைசிப் பாட்டு பன்னிரண்டு நிமிஷம்டா.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “இந்தத் தடவை கட் ஆகாது. கேளு.”

இருபத்து நாலு வருடத்துக்கு முந்தைய கேசட்டை அவர் மறக்கவில்லை.

‘ஸ்கைஃபால்’ ஏப்ரல் 2-ஆம் தேதியே தனிப்பாட்டாக வெளிவந்திருந்தது. காணொளியில் வந்தது சுருக்கிய வடிவம். முழுப் பாட்டை ஆல்பத்தின் இடத்தில், அதற்கு முன் வரும் ‘ஆர்பிட்’ என்ற சின்னஞ்சிறு வாத்திய இசையோடு சேர்த்துத்தான் கேட்பது என்று இரண்டரை மாதம் பொத்திவைத்திருந்தேன். எழுதியவர் ஹான்சன். வேற்றுக்கிரகத்துக்காரன் ஒருவன் பூமியில் வந்து இறங்குகிறான், அவனைத் துரத்துகிறார்கள். இவ்வளவுதான் கதை. அதை மூன்று பாடகர்களும் மூன்று பாத்திரம் போல ஏந்திக்கொள்கிறார்கள். ஹான்சன் துரத்தும் பகுதிகளில் கடிக்கிறார். டெரிஸ் நெருங்கி வந்து பேசுகிறார். கிஸ்கே வானத்திலிருந்து பாடுகிறார். பாதியில் வேகமெல்லாம் தணிந்து, விண்வெளியில் மிதக்கிறாற்போல ஓர் அமைதி வரும். அங்கே எனக்குப் பழைய பழக்கத்தில் நெஞ்சு படபடத்தது. அந்த ‘டக்’ சத்தம் வந்துவிடுமோ என்று விரல் தானாக இறுகியது.

வரவில்லை. கிட்டார்கள் மெல்லத் திரும்பி வந்தன. ஒன்று, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மூன்றாவது. இங்கோவின் டிரம் கீழே உருளத் தொடங்கியது. மூன்று குரலும் சேர்ந்து அந்தக் கடைசிப் பல்லவியைத் தூக்கி நிறுத்தியபோது நான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தேன். அவளுக்கு இந்த இசையில் பழக்கம் கிடையாது. முடிகிற வரைக்கும் காதை எடுக்கவில்லை.

வெளிவந்த ஒரு மாதத்துக்குள் முழு ஆல்பத்தை முப்பது தடவைக்குக் குறையாமல் கேட்டிருக்கிறேன். பழைய நினைவில் கண் கலங்கி எழுதுகிறான் என்று யாராவது நினைத்தால், அதற்காகத்தான் இத்தனை தடவை கேட்ட பிறகு எழுதுகிறேன். நினைவு ஐந்தாவது தடவையிலேயே தீர்ந்துவிடும். அதற்கப்புறமும் நிற்கிறதென்றால் பாட்டு நிற்கிறது. 1988-க்குப் பிறகு ஹெலோவீன் செய்த ஆல்பங்களில் இதுதான் சிறந்தது; டெரிஸ் காலத்தில் நான் உயிராக வைத்திருக்கும் ஆல்பங்களையும் சேர்த்துவைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அவர்களுடைய சொந்த நாட்டு விற்பனைப் பட்டியலில் ஆல்பம் வந்த வாரமே முதலிடம். தொடங்கி முப்பத்தேழு வருடம் ஆன பேண்டுக்கு ஜெர்மனியில் முதலிடம் கிடைப்பது இதுவே முதல் தடவை.

மெட்டலே கேட்டதில்லை என்றால் ‘பெஸ்ட் டைம்’ பாட்டில் தொடங்குங்கள், அடுத்து ‘ஃபியர் ஆஃப் த ஃபாலன்’. இரண்டும் பிடித்துவிட்டால் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவைத்து, நல்ல ஹெட்போனோடு, முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். போனை அணைத்துவிடுங்கள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்காராதீர்கள். ‘ஸ்கைஃபால்’ தொடங்கிவிட்டால் யார் கூப்பிட்டாலும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.